குடிநீர் மீட்டர் தீர்மானத்துக்குக் கிராம சபையில் கை தூக்கலாமா?

"எங்கள் ஊராட்சியில் வீட்டுக் குழாய்களுக்கு மீட்டர் வைக்கக் கிராம சபையில் தீர்மானம் வருகிறது, ஆதரிப்பதா எதிர்ப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீடும் பைப் லைனின் கடைசியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு இந்தக் குழப்பமே வராது, கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பார்.

நான் ஆதரித்தேன். ஆதரித்ததோடு நிற்காமல் எழுந்து பேசவும் செய்தேன். அதனால்தான் இந்தப் பதில்.

ஈரோடு மாவட்டத்தில் சின்ன ஊராட்சி எங்களுடையது. 2023 மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபை. எங்கள் மக்கள்தொகைக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். பத்தரை மணிக்குப் பந்தலில் நாற்பது தலைகூட இல்லை. அப்புறம் நூறு நாள் வேலையில் இருந்த பெண்களைக் குளத்திலிருந்து அப்படியே கூட்டி வந்தார்கள். மண்வெட்டியை வேலியோரம் சாத்திவிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உட்கார நிழல் தேடினார்கள். செயலர் தீர்மானங்களை ஒரே மூச்சில் வாசித்தார். மீட்டர் ஒன்பதாவது.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், அதுவும் நாற்பது நிமிடம். பன்னிரண்டு குடம் பிடித்தால் பெரிது. குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்றால் 180 லிட்டர். இரண்டு நாளைக்குப் பங்கு போட்டால் ஆளுக்குத் தினம் 18 லிட்டர். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்குச் சொல்லியிருப்பது 55. இந்தக் கணக்கைத்தான் பந்தலில் சொன்னேன். மேல் தெருவில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், மீட்டர் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றேன். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, எல்லோரும் அந்த மேல் தெருக்காரர் ஒருவரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து, "ஏனுங்க, இன்னைக்குத் தண்ணிக்கு மீட்டருன்னா நாளைக்குக் காத்துக்கும் வைப்பீங்களா?" என்றார். பந்தலே சிரித்தது. கை தூக்கச் சொன்னார்கள், ஆனால் யாரும் எண்ணவில்லை. தலைவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு "பெரும்பான்மை" என்றார், நிறைவேறிவிட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பங்காளி மட்டும் கையைத் தூக்கவில்லை. காலையில் என் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் வந்தார். வேலியோரத் தென்னை விஷயத்திலும் இப்படித்தான்: சர்வேயர் வரும்வரை "உன் மரம்தான் தம்பி" என்றார், வந்த பிறகு வாயே திறக்கவில்லை. காய் இன்னும் அவர் வீட்டுக்குத்தான் போகிறது. இதற்கும் மீட்டருக்கும் சம்பந்தமில்லைதான். சரி, விடுங்கள்.

ஆறு மாதத்தில் மீட்டர் வந்தது. முதல் நாள் ஐந்தரை மணிக்கே போய்க் குந்திக்கொண்டு பார்த்தேன். தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் புஸ்ஸென்று காற்று வரும் அல்லவா? கண்ணாடிக்குள் இருக்கும் குட்டிச் சக்கரம் அந்தக் காற்றுக்கே பம்பரமாகச் சுற்றியது. குடத்தில் ஒரு சொட்டு விழவில்லை, சிவப்பு எண் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மனிதர் நக்கலாகச் சொன்னது எங்கள் வீட்டிலேயே பலித்துவிட்டது.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் நிற்கும் குழாயில் இந்தத் தொல்லை இல்லை. விட்டு விட்டு விடும்போது இடையில் குழாய் காலியாகிக் காற்று நிறைந்துகொள்கிறது. அடுத்த முறை வால்வு திறந்ததும் தண்ணீர் அதைக் கடைசி வீடுகள் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. லைனில் காற்றை வெளியே விடும் ஏர் வால்வு வைத்திருந்தால் பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். எங்கள் தீர்மானத்தில் ஏர் வால்வைப் பற்றி ஒரு வரி கிடையாது. மோட்டாரைப் பறிமுதல் செய்வது பற்றியும் கிடையாது. மேல் தெருக்காரர் வீட்டு மீட்டரில் அளவு கூடத்தான் காட்டியது, அவர் காசைக் கட்டிவிட்டு உறிஞ்சுகிறார். எனக்கு அதே பன்னிரண்டு குடம்.

மீட்டரே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரை விற்கப் பார்க்கிறான் என்று ஒரு பக்கமும், வளர்ச்சிக்கு எதிரி என்று இன்னொரு பக்கமும் திட்டுவார்கள் என்று தெரியும். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. தண்ணீர் எல்லா வீட்டுக்கும் ஒழுங்காக வரும் ஊரில் மீட்டர் நியாயம்தான், எத்தனை தொட்டி நிரம்பி வழிகிறது என்று நானும் பார்க்கிறேனே.

உங்கள் ஊரில் கை தூக்குவதற்கு முன்னால் மூன்றைக் கேளுங்கள்: ஏர் வால்வு, தெருவாரியாகத் தண்ணீர் விடும் நேரம், மோட்டார் பிடிபட்டால் என்ன நடவடிக்கை. மூன்றும் அதே தீர்மானத்தில் எழுத்தில் வரட்டும். வாயால் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் தலைவர் "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்றார். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அவர் பதவிக்காலம் முடிந்தது, அப்புறம் தனி அலுவலர் வந்தார், அவரிடம் போய்க் கேட்டால் நோட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் என்கிறார். வருகைக்குப் போடும் கையெழுத்தையே சம்மதமாகக் காட்டுகிற ஊர்களும் உண்டு. ஆகவே தீர்மானத்தை எழுதி முடித்த பிறகு அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம், எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள் என்று சொன்னால் இன்னும் சரியாகச் சொல்ல முடியும்.