சிறிய அலுவலகத்துக்குச் சர்வர் ரேக் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கோலாலம்பூர் செந்தூலில் கடைவீட்டின் இரண்டாம் மாடியில் அலுவலகம், இரண்டு 2யு சர்வர், ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், ஒரு யுபிஎஸ் (மின்சாரம் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி). இவற்றை அடுக்கும் சட்டமான ரேக் 27யு போதுமா, 42யு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். (யு என்பது ரேக்கின் உயர அளவு.)

உயரம் கிடக்கட்டும், முதலில் சர்வரின் ஆழத்தை அளந்து பாருங்கள். அகலத்தில் குழப்பமே வராது, கிட்டத்தட்ட எந்த நிறுவனத்து ரேக் சர்வரும் 19 அங்குலச் சட்டத்தில் உட்காரும். 1யு என்றால் எங்கும் 44.45 மி.மீ. உயரம்தான். ஆழத்துக்கு மட்டும் அப்படிப் பொது அளவு கிடையாது. 600 மி.மீ. ஆழக் கேபினெட் (கதவுள்ள ரேக்) மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது ஸ்விட்சுக்கும், நெட்வொர்க் கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனலுக்கும் ஆனது. 2யு சர்வர்கள் பல 700 மி.மீ.யைத் தாண்டும். பின்னால் பவர் கேபிள் மடங்காமல் திரும்ப இன்னும் ஒரு சாண் வேண்டும். அதனால் 1000 மி.மீ.க்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

விற்பவர் கண்ணாடிக் கதவைப் புகழ்வார், கேட்காதீர்கள். சர்வர் முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் சூட்டைத் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் துளையிட்ட கதவுதான் சரி. உள்தூண்களில் சதுரத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போதைய சர்வர் ரெயில்கள் (சர்வரைத் தாங்கி உள்ளே வெளியே நகர்த்தும் பக்கச் சட்டங்கள்) பெரும்பாலும் அதில்தான் திருகில்லாமல் மாட்டும்.

இனி உயரம். உங்கள் சாமான் எல்லாம் சேர்ந்தாலும் 12யுவைத் தாண்டாது, 27யு தாராளம். 42யு ஏறக்குறைய 2 மீட்டர். லிஃப்ட் இல்லாத கடைவீட்டுப் படித் திருப்பத்தில் அதைத் தூக்குகிறவர்கள் உங்களைத் திட்டுவார்கள். எதுவானாலும் பிரித்துக் கொண்டுவந்து பூட்டும் வகையாகக் கேளுங்கள். (பினாங்கு ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகள் மாதிரி மேல்தளம் மரமாக இருந்தால், பாரம் தாங்குமா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.)

அடுக்கும்போது யுபிஎஸ் அடியில், அதன்மேல் சர்வர்கள், உச்சியில் பேட்ச் பேனலும் ஸ்விட்சும். பேட்டரியின் கனம் மேலே போனால், சர்வரை ரெயிலில் வெளியே இழுக்கும்போது ரேக்கே முன்னால் சாயும். காலி இடங்களை மூடிப் பலகையால் அடையுங்கள். இல்லையென்றால் பின்பக்கச் சூடு சுற்றி வந்து மறுபடி முன்னால் நுழையும். பவர் கேபிள் ஒரு பக்கம், நெட்வொர்க் கேபிள் மறுபக்கம். கேபிளைக் கட்டப் பிளாஸ்டிக் டை வேண்டாம், வெல்க்ரோ போதும். லேபிளைக் கேபிளின் இரண்டு முனையிலும் ஒட்டுங்கள்.

இடத்தைப் பற்றி ஒன்று. குளிராக இருக்கும் என்று பலர் ஏர்கான் பெட்டிக்கு நேர் கீழே ரேக்கை நிறுத்துகிறார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் நேராகச் சர்வர் மேல்தான் சொட்டும். பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். ஆறு மணிக்கு அலுவலகத்தைப் பூட்டும்போது ஏர்கானையும் அணைக்கும் பழக்கம் இருந்தால், அந்த அறைக்குத் தனி ஏர்கான் வேண்டும். 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை நல்லது.

கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமின்னல் உங்களுக்கே தெரியும். ரேக்கின் சட்டம், கதவு இரண்டையும் எர்த் கம்பியோடு இணைக்க, பதிவு பெற்ற வயர்மேனை அழையுங்கள். அவர் வரும்போதே யுபிஎஸ்ஸுக்குத் தனி மின்சுற்று போடச் சொல்லிவிடலாம். சுவரில் உள்ள 13 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் மாட்டி ஓட்டுவது வேண்டாம்.

சர்வரின் மாடலைப் பின்னூட்டத்தில் எழுதினால், ரெயில் நீளத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.