பெறுபேறு வரும்வரை எந்தப் பாடநெறி?

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மகன் தொழில்நுட்பப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். பெறுபேறு வர நான்கு மாதமாவது ஆகும் என்கிறார்கள். யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிலையத்தில் மூன்று மாதக் கணினி 'டிப்ளோமா'வுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். சனிக்கிழமைகளில் மூன்று மணித்தியாலம் வகுப்பு. அவனுக்கோ அரசாங்க நிலையத்தில் நடக்கும் ஆறு மாதக் குளிரூட்டித் திருத்தப் பயிற்சியில்தான் விருப்பம். அது பெறுபேறு வந்த பிறகும் நீளுமே என்று தயங்குகிறேன். கனடாவில் இருக்கும் என் தம்பி, எதையாவது படித்து ஒரு சான்றிதழ் எடுத்து வைக்கட்டும் என்கிறார். எதில் சேர்க்கலாம்?"

அம்மா, அந்த 45,000 ரூபாயை இந்த வாரம் கட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம்.

மூன்று மாதத்தில் பன்னிரண்டு சனிக்கிழமைகள். மூன்று மணித்தியாலப்படி மொத்தம் 36 மணித்தியாலம். ஆறு மாத முழுநேரப் பயிற்சியோ வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணித்தியாலம் என்று வைத்துக்கொண்டால், தைப்பொங்கல், சிவராத்திரி, சித்திரைப் புத்தாண்டு விடுமுறைகளைக் கழித்த பிறகும் 700 மணித்தியாலத்தைத் தொடும். துண்டுப்பிரசுரங்களில் எப்போதும் மாதக் கணக்கையே பெரிய எழுத்தில் போடுவார்கள். மணித்தியாலக் கணக்கை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். 36 மணித்தியாலத்திலும் பயனுள்ளவை கற்கலாம். தட்டச்சும் கணக்குத்தாள் வேலையும் கை படிந்துவிடும். ஆனால் அதற்கு 'டிப்ளோமா' என்ற பெயர் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்றால், இலங்கையின் தேசிய தொழிற்தகைமை முறையில், அதாவது எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்லும் அந்த ஏணியில், ஏழு படிகள் இருக்கின்றன. முதல் நான்கும் தேசியச் சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும்தான் டிப்ளோமாக்கள். ஏழாவது படி பட்டத்துக்குச் சமம். மூன்றாம் படியில் இருப்பவர் ஓரளவு மேற்பார்வையோடு வேலை செய்வார். நான்காம் படியில் இருப்பவரைத் தனியாக ஒரு வேலைக்கு அனுப்பலாம். ஆகவே எந்த நிலையத்துக்குப் போனாலும் "இது என்.வி.கியூ.வில் எத்தனையாம் மட்டம்?" என்று நேராகக் கேளுங்கள். பதில் ஓர் எண்ணாக வர வேண்டும். "அதற்குச் சமமானது", "வெளிநாட்டிலும் செல்லும்" என்று பேச்சு நீண்டால், அந்தப் பாடநெறிக்கு மட்டம் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பெற்றோர் பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. இத்தகைய நிலையங்களைப் பதிவு செய்வது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. நிலையம் பதிவு செய்யப்பட்டிருப்பது வேறு, அங்கே நடக்கும் குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெற்றிருப்பது வேறு. ஒரு நிலையத்தில் பத்துப் பாடநெறிகள் நடக்கலாம். அவற்றுள் இரண்டுக்கு மட்டும் தரச்சான்று இருக்கலாம். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழ் மற்ற எட்டையும் காப்பாற்றாது. பதிவு பெற்ற நிலையங்கள், தரச்சான்று பெற்ற பாடநெறிகள் இரண்டையும் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். மகனிடம் கைபேசியைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வான். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பிள்ளை, அதற்கு முன் வேறோர் இடத்தில் ஒரு வருடம் படித்து, தங்க எழுத்துப் பொறித்த சான்றிதழோடு வந்தான். அவனை மேல் மட்டத்தில் சேர்க்க வழியிருக்கவில்லை. அடியிலிருந்து தொடங்கினான். அவன் தாய் அந்தக் கட்டணத்துக்காகக் காப்பை அடகு வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனி உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். ஆறு மாதப் பயிற்சி பெறுபேற்றைத் தாண்டி நீளும் என்பது சரிதான். ஆனால் பெறுபேறு வந்த மறுநாளே பல்கலைக்கழகம் அழைப்பதில்லை. 2024ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை நவம்பர் இறுதியில் தொடங்கியது. நடுவில் மழை வெள்ளத்தால் தடைப்பட்டு டிசம்பர் முடிய நடந்தது. பெறுபேறு 2025 ஏப்ரல் இறுதியில் வந்தது. அதற்குப் பிறகு விண்ணப்பம், இசட் புள்ளி வெட்டு (அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி), பதிவு என்று இன்னும் பல மாதங்கள் போகும். மகனுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடத்தில் இடம் கிடைத்துக் கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் போவதாக இருந்தாலும், ஆறு மாதப் பயிற்சியை முடித்துவிட்டுப் போக அவகாசம் இருக்கும். நீங்கள் நான்கு மாதமாகப் பார்க்கும் இடைவெளி உண்மையில் அதைவிட நீளமானது.

ஒரேயொரு நிலைமையில் இந்தக் கணக்கு மாறும். இரண்டாம் தடவை பரீட்சை எழுதும் எண்ணம் அவனுக்கு இருந்தால், பெறுபேற்றுக்கும் அடுத்த பரீட்சைக்கும் இடையில் படிக்கக் கிடைப்பது சில மாதங்களே. பகலில் பட்டறை, இரவில் பாடம் என்று இரண்டையும் இழுக்க எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. பரீட்சை எப்படிப் போனது என்று அவனை உட்கார வைத்து, கோபிக்காமல், உண்மையைக் கேளுங்கள். அந்தப் பதில் தெரியாமல் எதிலும் சேர்க்க வேண்டாம்.

குளிரூட்டித் திருத்தத்தை அவனே தேர்ந்தெடுத்திருக்கிறான் என்பது எனக்கு மகிழ்ச்சி. குருநகர், பாசையூர், பருத்தித்துறைக் கரைகளில் மீன் வியாபாரம் ஐஸில்தான் உயிர் வாழ்கிறது. விடுதிகள், மருந்தகங்கள், வங்கிகள், இப்போது வீடுகளிலும் ஏசி வந்துவிட்டது. சித்திரை வெயிலில் ஏசி நின்றுவிட்டால் திருத்துநரைத் தேடி நாட்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. இந்தத் தொழிலின் நுட்பம் கையில்தான் இருக்கிறது. செப்புக் குழாயை வளைக்கும்போது நசியக்கூடாது. பற்றவைத்த மூட்டில் ஊசிமுனை அளவு கசிவும் இருக்கக்கூடாது. குளிரூட்டும் வாயுவை ஏற்றுவதற்கு முன் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பியால் முற்றாக உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த ஈரம் உள்ளே தங்கிவிட்டால் சில காலத்தில் வாயுவை அழுத்தும் கம்பிரசரே போய்விடும். கரும்பலகையில் எழுதிக் காட்டி இதைப் பழக்க முடியாது. அதனால் பட்டறையை நேரில் பார்க்காமல் விண்ணப்பம் கொடுக்க வேண்டாம். ஒரு கருவிக்கு எத்தனை பிள்ளைகள், பயிற்சிக்கு வைத்திருக்கும் இயந்திரங்கள் ஓடுகின்றனவா, குழாயும் வாயுவும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கின்றனவா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

கொக்குவிலில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் இரண்டிலும் விசாரியுங்கள். அரசாங்க நிலையங்களில் முழுநேரப் பயிற்சிக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. மாலை, வார இறுதி வகுப்புகளுக்கு இருக்கும். சாவகச்சேரியிலிருந்து பஸ் என்றால் யாழ்ப்பாணத்தில் இறங்கி மாற வேண்டும். பயிலுநர்களுக்கான பருவச்சீட்டைப் பற்றிச் சேரும் நாளிலேயே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதச் செலவில் அது பெரிய வித்தியாசம்.

உங்கள் தம்பியின் யோசனையில் பாதிதான் சரி. எங்கள் என்.வி.கியூ. சான்றிதழைக் காட்டியவுடன் கனடாவில் வேலை செய்ய விடமாட்டார்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் குளிரூட்டித் தொழில் உரிமம் கட்டாயமான தொழில். அங்கே அதற்கான பயிலுநர் காலமே ஏறத்தாழ 9,000 மணித்தியாலம். ஆனால் வேறு நாட்டில் செய்த வேலையையும் ஆதாரம் இருந்தால் மதிப்பிட்டு எடுத்துக்கொள்ளும் வழி அங்கே உண்டு. அதனால் மகன் பயிற்சி தொடங்கும் முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பி வைத்துக்கொள்ளட்டும். திகதி, செய்த வேலை, எத்தனை மணித்தியாலம், மேற்பார்வை செய்தவரின் கையெழுத்து. பிறகு எந்தக் கடையில் வேலை செய்தாலும் அதே கொப்பி தொடரட்டும். தம்பி கேட்கும் சான்றிதழோடு இந்தக் கொப்பியும் சேர்ந்தால்தான் அங்கே பேச ஏதாவது இருக்கும்.

பயிற்சியில் இடம் கிடைக்காவிட்டால்? பல பாடநெறிகளுக்கு ஆண்டுத் தொடக்கத்திலும் நடுப்பகுதியிலும் ஆட்களை எடுப்பார்கள். ஒன்று தவறினால் மற்றது வரும். அதுவரை ஆங்கிலமும் பேச்சுச் சிங்களமும் படிக்கட்டும். மொறட்டுவைக்கோ பேராதனைக்கோ போகும் எங்கள் பிள்ளைகள் முதல் வருடத்தில் படும் பாட்டில் பாதி பாடத்தால் அல்ல, விடுதியிலும் கடையிலும் வாய் திறக்க முடியாததால்தான். பதினெட்டு வயது நிறைந்திருந்தால் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் இப்போதே எடுத்துவிடலாம். குளிரூட்டி திருத்தப் போகிறவனுக்கு வாகனம் ஓட்டத் தெரிவது கூடுதல் பலம்.

கணினி வகுப்பை முற்றாக விடச் சொல்லவில்லை. அந்த நிலையத்துக்கு மறுபடி போய், மட்டம் எது, மொத்த மணித்தியாலம் எத்தனை, ஒருவருக்கு ஒரு கணினி உண்டா, இடையில் நின்றால் காசு திரும்புமா என்று கேட்டு, பதிலை அவர்களின் கடிதத்தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வாருங்கள். எழுதித் தந்தால், அந்தத் தாளின் படத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.