குட்டி நாய் கடித்தாலும் ஊசி வேண்டுமா?

கேள்வி: வீட்டில் ஆறு வெள்ளாடு, ஒரு பசு வளர்க்கிறோம். தெருவில் கிடந்த ஒன்றரை மாதக் குட்டி நாயை நாலரை வயது மகன் (எடை 15 கிலோ) தூக்கி வந்துவிட்டான். மூன்று நாளைக்கு முன் விளையாட்டில் விரலைக் கடித்து ஒரு பொட்டு ரத்தம் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்தேன். சளிக்கு வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பும் கொடுக்கிறேன். குட்டி நாய்க்கு விஷம் கிடையாது என்கிறார் மாமியார். யூடியூப் பார்த்தால் தூக்கமே வரவில்லை. தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்களா? நாய் முடி வயிற்றில் போனால் ஆபத்தா? நாய் நக்கிய ஆட்டின் பாலைப் பையனுக்குக் கொடுக்கலாமா? நாயை எங்காவது விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பையனின் விரலைக் குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மூன்று நாள் ஆகிவிட்டாலும் கழுவத்தான் வேண்டும். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்புங்கள்.

குட்டிக்கு விஷம் இல்லை என்பது ஊர்ப் பேச்சு. தாய் நாய்க்கு வெறி (ரேபிஸ் நோய்) இருந்து அது நக்கியோ கவ்வியோ இருந்தால், ஒன்றரை மாதக் குட்டிக்கும் வரும். தடுப்பூசியே மூன்று மாத வயதில்தான் போடுகிறோம். தெருவில் கிடந்த குட்டி, தாய் எதுவென்றே தெரியாது. இதில் எதை நம்பி ஊசி போடாமல் இருப்பது?

ஒரு பொட்டு ரத்தம் என்று நீங்கள் எழுதியதுதான் இந்தக் கடிதத்தில் முக்கியமான வரி. தோல் கிழியாமல் லேசாகக் கீறியிருந்தால் தடுப்பூசி மட்டும் போதும். பல் தோலைத் துளைத்து ரத்தம் வந்துவிட்டால் அது மூன்றாம் வகைக் கடி. அதற்குத் தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். காயம் எவ்வளவு பெரியது என்பது கணக்கே இல்லை. விரலில் நரம்பு அடர்த்தி அதிகம், குழந்தைக்கு விரலிலிருந்து மூளைவரை உள்ள தூரமும் குறைவு.

சீரம் எதற்கு என்று பலர் கேட்பதில்லை, சில இடங்களில் சொல்வதும் இல்லை. தடுப்பூசி போட்டதும் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கும் கிருமியை மடக்க, தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் செலுத்துகிறோம். குதிரைச் சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட், உங்கள் பையனுக்கு 600 யூனிட், ஏறத்தாழ 2 மில்லி. மனிதச் சீரம் என்றால் கிலோவுக்கு 20, அதாவது 300 யூனிட். இது உச்ச அளவு. விரல் நுனியில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் போடுவார்கள். முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் சீரம் போட்டாக வேண்டும், அதற்குப் பிறகு போடக்கூடாது. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இது இருக்காது. அவர்கள் எழுதிக் கொடுத்தால் தாலுகா அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அன்றைக்கே போய்விடுங்கள். எங்கே கிடைக்கும் என்று 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசி செம்மறியாட்டு மூளையிலிருந்து தயாரித்தது. அதை இந்தியாவில் நிறுத்தி 20 ஆண்டுக்கு மேலாகிவிட்டது. இப்போது போடுவது இரண்டு புஜத்திலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம், 0, 3, 7, 28 என நான்கு நாட்கள். 0 என்பது முதல் ஊசி போடும் நாள், கடித்த நாள் அல்ல. தனியார் மருத்துவமனையில் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 என ஐந்து. பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒரே அளவுதான். பிட்டத்தில் போட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அங்கே போட்டால் சரியாக வேலை செய்யாது. முட்டை, கறி, கத்தரிக்காய்ப் பத்தியம் எதுவும் கிடையாது, தலைக்கும் குளிக்கலாம்.

சுண்ணாம்பு வைத்தது தவறு. காயத்தைப் புண்ணாக்கிக் கிருமியை உள்ளே தள்ளத்தான் அது உதவும். மிளகாய்த்தூள், காபித்தூள், எண்ணெய் எல்லாம் இதே ரகம். கழுவிய பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவுங்கள், கட்டுப் போடாதீர்கள். மிச்ச சிரப்பைக் கொட்டிவிடுங்கள். ரேபிஸ் வைரஸ், அதை ஆன்டிபயாடிக் தொடாது. கரைத்து வைத்த சிரப் சில நாளில் வீரியம் இழந்தும் போகும். வேறு கிருமிக்கு மருந்து வேண்டுமா என்பதைக் காயத்தைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். யூடியூபையும் மூடுங்கள். நோய் வந்துவிட்டவர்களை அதில் காட்டுகிறார்கள். உங்கள் பையன் அந்த நிலையில் இல்லை, முழுக்கத் தடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறான்.

நாயை எங்கும் விடாதீர்கள், அடித்தும் கொல்லாதீர்கள். அது கண்ணெதிரே இருப்பதுதான் உங்களுக்கு லாபம். பையனும் ஆடுகளும் கிட்டப் போகாத இடத்தில் கட்டி, கடித்த நாளிலிருந்து பத்து நாள் பாருங்கள். பத்து நாளும் தின்று விளையாடினால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று எண்ணாதீர்கள், இரண்டும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். நாய் நலமாக இருந்தாலும் 28-ம் நாள் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு எப்போதாவது கடித்தால் 0, 3 என இரண்டு நாள் ஊசியே போதும், சீரம் தேவைப்படாது.

வெறி என்றால் துரத்தித் துரத்திக் கடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குட்டிகளில் மந்தமாகவும் வரும். இருட்டு மூலையில் ஒடுங்கும், குரல் கம்மும், தாடை தொங்கி எச்சில் ஒழுகும், பால் வைத்தால் விழுங்க முடியாது. எலும்பு மாட்டிக்கொண்டது என்று வாய்க்குள் கையை விடுவார்கள், அங்கேதான் மாட்டுவார்கள். மாட்டிலும் இதே கதைதான். ஓயாமல் கத்திக்கொண்டு எச்சில் ஒழுக நிற்கும் பசுவின் தொண்டையில் கையை விடாதீர்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். குட்டி உங்கள் ஆட்டையும் கடித்திருந்தால் அதற்கும் ஊசித் தொடர் உண்டு, அவரிடமே கேளுங்கள்.

நாய் முடி வயிற்றில் போனால் வெளியே வந்துவிடும். ஆட்டை நாய் நக்கியதைப் பற்றிக் கவலைப்படாமல் பாலைப் பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள். எந்த ஆட்டுப் பாலையும் பச்சையாகக் கொடுக்காதீர்கள், அதற்குப் பச்சைப் பாலில் பரவும் புரூசெல்லா என்ற கிருமி வேறு காரணம். குட்டிக்கு மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுத்து, மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் புழுத் தொல்லையும் இல்லை. நாயின் உருளைப்புழு முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்தால்தான் தொற்றும்.

பையனைக் கடிக்காகத் திட்டியிருந்தால், இனித் திட்டாதீர்கள். அடி விழும் என்று பயந்து கீறலை மறைக்கும் குழந்தைகள்தான் ஊசியில்லாமல் போகிறார்கள். சாயங்காலம் குளிப்பாட்டும்போது கை, கால், முகத்தை ஒரு பார்வை பாருங்கள், புதிதாக எது இருந்தாலும் எப்படி வந்தது என்று சாதாரணமாகக் கேளுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் முடிந்ததும் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டு, அடுத்த ஊசித் தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.