உங்கள் வீட்டில் எத்தனை அடுப்பு? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: கேள்வி-பதில்

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவில் தள்ளிப்போய், இப்போது இரண்டு கட்டமாக நடக்கிறது. வீட்டுக் கணக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள். தலைக்கணக்கு 2027 பிப்ரவரியில். 1991, 2001, 2011 மூன்று முறையும் தெருத்தெருவாகப் படிவம் தூக்கிய வாத்தியார் என்பதால் உங்கள் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

மாமனார், மாமியார் கீழே; நாங்கள் மாடியில். ரேஷன் கார்டு ஒன்றுதான். ஒரு குடும்பமா, இரண்டா?
— ஈரோடு வாசகி

ரேஷன் கார்டை உள்ளே வையுங்கள், அடுப்பைப் பாருங்கள். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். கீழே தனி உலை, மேலே தனி உலை என்றால் இரண்டு. ஒரே அறையில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடும் நான்கு பையன்கள், சொந்தபந்தமே இல்லாவிட்டாலும், ஒரு குடும்பம்.

2011-இல் ஒரு வீட்டில் மாமியார், “நாங்க எல்லாம் ஒண்ணாத்தான் சார் இருக்கோம்” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பின்கட்டில் இன்னொரு குக்கர் விசிலடித்தது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டார். நான் பேசாமல் இரண்டாவது படிவத்தை எடுத்தேன்.

வீட்டுக்காரர், “வாடகைக்கு இருக்கிறதாகச் சொல்லாதே, வரி ஏறிவிடும்” என்கிறார். என்ன செய்வது?
— ஆவடி வாசகர்

வரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சொல்வதை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்க முடியாது. சிவில் வழக்கில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. 1948-ஆம் வருடத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 15-ஆவது பிரிவு. வெளியே சொல்லும் ஊழியருக்குத் தண்டனை உண்டு. பதில் சொல்ல மறுத்தால் உங்களுக்கும் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் வீட்டுக்காரர் காதில் போடுங்கள். அப்புறம், வங்கிக் கணக்கு எண், ஏடிஎம் ரகசிய எண் என்று யாராவது கேட்டால் அவர் கணக்கெடுக்க வந்தவர் இல்லை. அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அம்மாவுக்கு வயது 60-க்கு மேல். என்ன வேலை என்று கேட்டால் “சும்மாதான் இருக்கேன்” என்பார். அப்படியே எழுதிவிடலாமா?
— பொள்ளாச்சி வாசகர்

எழுதவே கூடாது. நீங்களே கடிதத்தில் மேலும் எழுதியிருக்கிறீர்கள்: இரண்டு மாடு, விடியற்காலையில் பால் கறப்பது, சொசைட்டிக்கு ஊற்றுவது, களையெடுப்பு நாட்களில் சொந்தக் காட்டில் நிற்பது. இதற்குப் பெயர் சும்மாவா? கணக்கெடுப்பில் கூலி வாங்கினால்தான் வேலை என்று கிடையாது. சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ சம்பளமில்லாமல் உழைப்பதும் வேலைதான். வருடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ செய்தால் முதன்மைத் தொழிலாளி, குறைந்தால் குறுந்தொழிலாளி. சொந்த வீட்டுச் சமையலும் துணி துவைப்பதும் இந்தக் கணக்கில் சேராது. அது வேறு வருத்தம்.

என் அனுபவத்தில் இந்தக் கேள்விக்குத் திண்ணையிலிருந்து ஆண்கள்தான் பதில் சொல்வார்கள். “அவ வீட்லதான் சார்.” பக்கத்தில் சாணிக் கையோடு நிற்பார் அந்த அம்மா. ஆகவே அம்மாவையே பேச விடுங்கள். “காலையில எந்திரிச்சதும் என்னம்மா செய்வீங்க?” என்று நீங்களே எடுத்துக் கொடுத்தாலும் தப்பில்லை.

வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். “ஒரு அறுபது இருக்கும்” என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கடைசியில் பட்டியலில் 60, 65, 70 என்றே ஆட்கள் குவிந்துகிடப்பார்கள். 1964 தனுஷ்கோடி புயலின்போது கைக்குழந்தையா, அண்ணா இறந்த 1969-இல் பள்ளிக்கூடம் போனாரா என்று கேட்டுப் பாருங்கள், வயது தானாக வந்துவிடும்.

வீட்டில் சௌராஷ்டிரம், வெளியே தமிழ். தாய்மொழி எதுவென்று சொல்ல?
— மதுரை வாசகி

குழந்தையாக இருக்கும்போது அம்மா உங்களிடம் பேசிய மொழி எதுவோ அது. பிள்ளைகள் தமிழ்வழியில் படிக்கிறார்கள் என்பதற்காகத் தமிழ் என்று சொல்லிவிடாதீர்கள். தெரிந்த பிற மொழி என்று தனிக் கேள்வி வரும், தமிழை அங்கே சொல்லலாம். 2011-இல் சௌராஷ்டிரம் என்று சொன்னவர்கள் நாடு முழுக்க சுமார் 2.47 லட்சம் பேர். மேல்மட்ட அட்டவணையில் அது குஜராத்தியின் கீழே போய் உட்கார்ந்திருக்கும், இருளர் மொழி தமிழின் கீழே இருப்பது போல. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் தனி எண்ணிக்கை உண்டு. நீங்கள் சொன்னால்தான் அதுவும்.

எங்கள் பனியன் கம்பெனி விடுதியில் பதினான்கு பீகார் பையன்கள். அவர்கள் கணக்கு ஊரிலா, இங்கேயா?
— திருப்பூர் வாசகர்

இங்கேதான் தங்கியிருக்கிறார்கள் என்றால் இங்கே. ஊரில் அப்பாவும் இவர்கள் பெயரைச் சேர்த்துவிட்டால் ஒரு ஆள் இரண்டு ஆளாகிவிடுவான், முன்கூட்டியே போன் போடச் சொல்லுங்கள். வரப்போவது பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். இந்தி தெரியாதவராக இருக்கலாம். தமிழ் பேசும் ஒரு பையனை அன்றைக்கு ஷிப்டிலிருந்து விடுவித்து வையுங்கள்.

மகன் துபாயில். அவனைச் சேர்க்கலாமா?
— கடையநல்லூர் வாசகர்

கூடாது. கணக்கெடுக்கும் நாட்களில் லீவில் வந்திருந்தால் மட்டும் சொல்லுங்கள், எப்படி எழுதுவது என்று கணக்கெடுக்க வருபவர் பார்த்துக்கொள்வார்.

தாத்தாவின் பெயரைப் பாட்டி சொல்லவே மாட்டார். கட்டாயப்படுத்துவார்களா?
— பழனி வாசகி

மாட்டார்கள். வழக்கப்படி கணவன் பெயரைச் சொல்லாத பெண் அதைச் சொல்ல வேண்டியதில்லை என்று அதே 1948 சட்டத்திலேயே இருக்கிறது. 2001-இல் உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பாட்டி, பெயர் கேட்டதும் சுவரிலிருந்த முருகன் காலண்டரைக் கையால் காட்டினார். பழனிச்சாமியா என்றேன், இல்லை. வேலுச்சாமியா, சுப்பிரமணியா? உதட்டைப் பிதுக்கினார். தண்டபாணி என்றதும் சிரித்துக்கொண்டே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.