டெஸ்ட் நெகட்டிவ், ஆனா கொரோனாவாலதான் வந்துச்சாம்... எப்படி டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். 2021 ஜூன்ல எங்க பையனுக்கு 8 வயசு, நாலு நாளா காய்ச்சல், வயித்துவலி, வாந்தி. குடல்வாலா இருக்குமோன்னு ஸ்கேன் எடுத்தாங்க, அதுல ஒண்ணும் இல்ல, அதுக்குள்ள கண்ணு செவந்து கை கால் ஜில்லுனு ஆயிடுச்சு, உடனே ஐசியூக்கு கொண்டு போயிட்டாங்க. கொரோனா டெஸ்ட் நெகட்டிவ், ஆனாலும் கொரோனாவாலதான்னு சொல்லி 10 பாட்டில் மருந்து ஏத்துனாங்க, ஸ்டீராய்டும் போட்டாங்க. ஆறு நாள்ல வீட்டுக்கு வந்துட்டான். கிருமியே இல்லாதப்ப எதுக்கு அவ்ளோ மருந்துன்னு மாமியார் இன்னிக்கும் கேக்குறாங்க. இப்ப கபடி டீம்ல சேரணும்ங்கறான், விடலாமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: மாமியார் கேட்டது நல்ல கேள்விங்க. 2020 ஏப்ரல்ல இங்கிலாந்துல இந்த மாதிரி குழந்தைங்க ஐசியூக்கு வர ஆரம்பிச்சப்ப அங்க இருந்த டாக்டர்களுக்கும் இதே குழப்பம்தான். அடுத்த மாசமே அமெரிக்காவுல இதுக்கு மிஸ்-சி (MIS-C), அதாவது குழந்தைங்களுக்கு பல உறுப்புல ஒண்ணா வர்ற அழற்சின்னு பேர் வச்சாங்க.

கொரோனா வந்து போய் ரெண்டுல இருந்து ஆறு வாரம் கழிச்சு வர்றது இது. பல குழந்தைங்களுக்கு அந்த கொரோனா வந்ததே தெரியாது, சும்மா சளின்னு விட்டிருப்போம். அதான் மூக்குல எடுக்குற டெஸ்ட் நெகட்டிவ், ரத்தத்துல ஆன்டிபாடி, அதாவது கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்குற புரதம் பாத்தா பாசிட்டிவ். திருடன் ஓடிப்போன அப்புறமும் ஊர்க்காரங்க இருட்டுல ஒருத்தர ஒருத்தர் போட்டு அடிச்சா எப்படி, அந்த மாதிரி உடம்போட எதிர்ப்பு சக்தியே குடல், ரத்தக்குழாய், இதயம்னு எல்லாத்தையும் தாக்கும். அதனால அடிக்கிற கையத்தான் நிறுத்தணும், ஸ்டீராய்டும் அந்த 10 பாட்டிலும் அதுக்குத்தான்.

10 பாட்டில் கணக்கு சொல்றேன். அது இம்யூனோகுளோபுலின், ஆயிரத்துக்கும் மேல ஆளுங்க குடுத்த ரத்தத்துல இருந்து பிரிச்சு எடுக்குற ஆன்டிபாடி, கிலோவுக்கு 2 கிராம் போடுவோம். பையன் அப்ப 25 கிலோ இருந்திருந்தா 50 கிராம், ஒரு பாட்டில் 5 கிராம்னா சரியா 10. மணிக்கணக்கா சொட்டு சொட்டா ஏத்தணும், ஏன்னா இதயமே சோர்ந்து கிடக்கும்போது வேகமா ஏத்தினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். பிரஷர் இறங்கினா குளுக்கோஸ், சலைன்னு நிறைய ஏத்தினா சரியாயிடும்னு வெளிய நினைப்பாங்க, இதுல அது நேர் எதிரா போயிடலாம், கொஞ்சம் ஏத்திட்டு கல்லீரல் வீங்குதா, மூச்சு வாங்குதா, எவ்ளோ யூரின் போச்சுன்னு பாத்து பாத்துதான் அடுத்தது. போதலைன்னா அட்ரினலின் மாதிரி மருந்த டிரிப்ல போட்டு இதயத்த தாங்கிப் பிடிப்போம். ஐசியூல வச்சது இதுக்குத்தாங்க.

கபடி விஷயத்துக்கு வருவோம். இதயம் பாதிச்ச குழந்தைங்கள பொதுவா மூணுல இருந்து ஆறு மாசம் ஓடியாட விடமாட்டோம், அந்தக் காலம் எப்பவோ முடிஞ்சுது. ஆனா டிஸ்சார்ஜுக்கு அப்புறம் எடுத்த எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்ல கரோனரி, அதாவது இதயத்துக்கே ரத்தம் கொண்டு போற ரத்தக்குழாய் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. நார்மல்னு இருந்தா ஒரு குழந்தை இதய டாக்டர்கிட்ட காட்டிட்டு தாராளமா விடுங்க. வீக்கம்னு இருந்து ரத்தம் உறையாம இருக்க மாத்திரை இன்னும் ஓடுதுன்னா கபடி வேணாம், ஒரு அடி பட்டாலே உள்ள ரத்தம் கசியும்.

ரிப்போர்ட் தொலைஞ்சு போச்சா? அந்த ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல ஐபி நம்பர் (அட்மிஷன் நம்பர்) சொல்லி கேட்டுப் பாருங்க, கிடைக்கலைன்னா புதுசா ஒரு எக்கோ எடுத்துடுங்க, வலியெல்லாம் இல்ல.