தங்கத்தட்டில் தமிழ் ஏன் இல்லை?

கேள்வி: 1977இல் நாசா அனுப்பிய இரண்டு வொயேஜர் விண்கலங்களிலும் வேற்றுக்கிரகவாசிகளுக்கென்று ஒரு தங்கத்தட்டு, அதாவது பொன்முலாம் பூசிய ஒலித்தட்டு, வைத்திருக்கிறார்கள். அதில் 55 மொழிகளில் வாழ்த்து. சிங்களம் இருக்கிறது, தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. 27 இசைத்துண்டுகளிலும் நம்முடையது ஒன்றும் இல்லை. இது திட்டமிட்ட புறக்கணிப்புத்தானே? அடுத்த முறையாவது நிலாவைப் பற்றிய நல்ல சினிமாப் பாட்டு ஒன்றை அனுப்பச் சொல்லி உங்கள் பத்திரிகை கையெழுத்து வேட்டை தொடங்குமா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தமிழ் இல்லை என்பது சரி. மலையாளமும் இல்லை. கிழக்கு ஆபிரிக்காவின் பல நாடுகளில் புழங்கும் சுவாஹிலியும் இல்லை. ஆனால் பேசுவதற்கு ஓர் ஆள்கூட மிஞ்சாத சுமேரியமும் ஹிட்டைட்டும் ஏறியிருக்கின்றன. சதி செய்கிறவர்கள் இவ்வளவு கவனயீனமாகச் செய்யமாட்டார்கள்.

நடந்தது இதுதான். அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் தலைமையிலான குழு முதலில் ஐ.நா. பிரதிநிதிகளிடம் போனது. சுருக்கமாக ஒரு வணக்கம் கேட்டால் அவர்கள் பிரசங்கம் செய்தார்கள். (ஐ.நா. அல்லவா!) நாளோ நெருங்கிவிட்டது. அதனால் தாங்கள் வேலை செய்த கோர்னல் பல்கலைக்கழகத்திலும் அந்த அயலிலும் அகப்பட்டவர்களைக் கூப்பிட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் நிறுத்தினார்கள். சிங்களத்துக்கு ஒருவர் கிடைத்தார், 'ஆயுபோவன்' என்றார். உங்கள் புறக்கணிப்பின் முழுக்கதையும் இவ்வளவுதான்.

இசை விடயம் இன்னும் சுவையானது. இந்தியாவிலிருந்து போனது இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பைரவி ராகத்தில் பாடிய 'ஜாத் கஹா(ங்) ஹோ'. அதைச் சிபாரிசு செய்தவர் ரொபேர்ட் பிரௌன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர். அவர் வடநாட்டுப் பக்கம் சாய்ந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். மிருதங்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் வாங்கியவர், தாமே கற்றுக்கொண்டவர். அப்படிப்பட்டவருக்கும் அந்தப் பைரவிதான் உயர்வாகப் பட்டிருக்கிறது. பிறகு அந்த இசைத்தட்டு கிடைக்கவில்லை. தேடித் தேடி, நியூயோர்க்கில் ஓர் இந்தியக் குடும்பம் நடத்திய மின்சாதனக் கடையின் பின்பக்கத்தில், மேசைக்கடியில் கிடந்த பெட்டியொன்றில் கண்டெடுத்தார்கள். அந்தப் பெட்டி அங்கே கிடந்திராவிட்டால் கேசர்பாயும் போயிருக்கமாட்டார். வொயேஜர் 1 கிளம்பியது செப்டெம்பர் 5ஆம் திகதி. அதே மாதம் 16ஆம் திகதி அவர் கண்ணை மூடினார்.

ஆக, யாரோ பதிவு செய்து, அந்தப் பதிவு கெடாமல் இருந்து, தேடுகிறவனின் கைக்கு எட்டுகிற இடத்திலும் இருந்ததுதான் விண்வெளிக்குப் போனது. உயர்ந்ததா தாழ்ந்ததா என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான்.

புறக்கணிப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் தட்டுக்குள் தேட வேண்டியதில்லை. வொயேஜர் 2 கிளம்பியது 1977 ஆகஸ்ட் 20. அந்த ஆகஸ்ட் மாதம், தமிழருக்கெதிரான கலவரத்தில், இலங்கைத் தமிழருக்கு எப்படிப் போனது என்று வெள்ளவத்தையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தட்டிலோ ஐ.நா. செயலாளர் நாயகம் குர்ட் வால்ட்ஹைம், நாங்கள் சமாதானத்தையும் நட்பையும் மட்டுமே நாடி வருகிறோம் என்கிறார். இரண்டாம் உலகப்போரில் பால்கன் பகுதியில் ஜேர்மன் படையோடு தான் இருந்த காலத்தை அதுவரை மறைத்துவந்தவர் அவர் என்பது 1986இல் வெளிவந்தது. தட்டில் போரின் படம் ஒன்றும் வேண்டாமென்று குழு முடிவெடுத்திருந்தது. போரை மறைத்தவரின் குரல் மட்டும் எப்படியோ ஏறிவிட்டது.

இனி உங்கள் நிலாப் பாட்டு. சினிமா என்பதற்காக நான் முகம் சுளிக்கவில்லை. சக் பெரியின் ரொக் பாட்டைச் சேர்த்தபோது நாட்டார் இசை அறிஞர் அலன் லோமாக்ஸ், அது விடலைத்தனம் என்றார். பூமியில் விடலைகளும் நிறையப் பேர் இருக்கிறார்களே என்று சேகன் பதில் சொன்னாராம். எனக்கும் அந்தக் கட்சிதான். என் தடை வேறு. நிலாவே இல்லாத கிரகத்தில் இருக்கிறவருக்குக் காதலியின் முகம் நிலா என்று பாடி என்ன பயன்? தட்டோடு ஊசியை அனுப்பியிருக்கிறார்கள், எந்த வேகத்தில் சுழற்ற வேண்டும் என்று உறையில் படமும் கீறியிருக்கிறார்கள். காது அனுப்பவில்லை.

என்னைக் கேட்டால் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் தனி ஒன்றை அனுப்புவேன். 1975இலேயே போய்விட்டார். தமிழகத்து வித்துவான்களும் வாயைப் பிளந்து கேட்ட கை அது. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று நடை மாறி மாறிப் போய்க் கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து விழும். அதைப் புரிந்துகொள்ள மொழி வேண்டாம், ராகம் வேண்டாம், காதுகூட வேண்டாம். அதிர்வை எண்ணத் தெரிந்தால் போதும். எண்ணத் தெரியாதவர் அந்தத் தட்டைச் சுழற்றப் போவதுமில்லை.

இதை எழுதும்போதே மட்டக்களப்பிலிருந்து வரப்போகும் கடிதங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. வடமோடிக் கூத்து எங்கே என்று கேட்பார்கள். மலையகத்திலிருந்து காமன் கூத்துத் தப்பு மேளம் எங்கே என்பார்கள். நியாயமான கேள்விகள். ஆனால் அவற்றை என்னிடமோ நாசாவிடமோ கேட்பதற்கு முன், கொழும்பில் மார்கழி தவறாமல் கச்சேரி வைக்கும் நம்மவர்களிடம் கேட்கலாம்: தோட்டத்தில் தப்படிக்கும் பெரியவரை மேடையேற்றி, முன்னால் ஒரு ஒலிவாங்கி வைத்தது எப்போது? பறையடிப்பவரைச் செத்தவீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்திவைத்த ஊர்க்காரர்கள் நாம். அமெரிக்காக்காரன் அதை ஏற்றவில்லை என்று நமக்கு வருகிற கோபத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

கையெழுத்து வேட்டை கிடையாது. வொயேஜர் 1 இப்போது 2400 கோடி கிலோமீற்றருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. வழியில் ஒரு நட்சத்திரத்தை ஓரளவு கிட்டக் கடப்பதற்கே இன்னும் 40,000 ஆண்டு ஆகுமாம். மனு எழுதினால் அது திரும்பி வந்து தமிழை ஏற்றிக்கொண்டு போகப்போவதில்லை.

அந்த நேரத்தை வேறு வேலைக்குத் தாருங்கள். வெள்ளவத்தை வீடுகளின் அலுமாரிகளில் ஊரிலிருந்து இடம்பெயர்ந்தபோது கொண்டுவந்த கசெற்றுகள் இன்னும் கிடக்கின்றன. கோயில் திருவிழா மேளக்கச்சேரி, கலியாணவீட்டு நாதஸ்வரம், கூத்து, ஒப்பாரி, எதுவானாலும் சரி, பூஞ்சணம் பிடிக்கமுன் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். கணினியில் ஏற்றிக்கொண்டு உங்களுடையதைத் திருப்பித் தருவோம். வாசித்தவர் பெயர், ஊர், ஆண்டு தெரிந்தால் ஒரு துண்டில் எழுதிக் கசெற்றோடு ஒட்டிவிடுங்கள். தெரியாவிட்டால் வீட்டில் இருக்கும் அம்மம்மாவிடம் இன்றைக்கே கேளுங்கள்.