எரிமலை, நிலநடுக்கம்: பிள்ளைகள் கேட்டவை, பெற்றோர் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நான்காவது முதல் ஏழாவது வரை படிக்கும் பிள்ளைகளுடையவை. ஆங்கிலப் பாடத்தில் எரிமலையும் நிலநடுக்கமும் வாசிப்புப் பகுதியாக வந்திருக்கிறதாம். மீதியை அவர்களுடைய அம்மா அப்பாக்களும் டியூஷன் எடுப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்திருந்தால் ஒரு தடவைதான் எடுத்திருக்கிறேன்.

மேக்மா, லாவா ரெண்டும் ஒண்ணுதானுங்களா? (ஐந்தாம் வகுப்பு, கோபி)

பொருள் ஒன்றுதான், இருக்கும் இடம்தான் வேறு. தரைக்குக் கீழே உருகிக் கிடக்கும்வரை மேக்மா. வெளியே வந்துவிட்டால் லாவா. வரும் வழியிலேயே அதில் கரைந்திருந்த வாயுவில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். இந்த வாயு விஷயத்தை மறந்துவிடாதே கண்ணு, கீழே இன்னொரு பதிலில் மறுபடி வருகிறது.

சிவன்மலை பழைய எரிமலை என்று டியூஷன் சார் சொன்னார். உண்மையா? (ஏழாம் வகுப்பு, காங்கேயம்)

இல்லை. ஆனால் உங்கள் சாருக்கு எங்கிருந்து இந்த எண்ணம் வந்திருக்கும் என்று புரிகிறது. சிவன்மலைப் பாறை ஒரு காலத்தில் உருகிய குழம்பாக இருந்ததுதான். அது தரைக்கு மேலே வரவே இல்லை. பல கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கி, மிக மெதுவாக ஆறி இறுகியது. மேலே மூடியிருந்த பாறை கோடிக்கணக்கான வருடங்களில் தேய்ந்து போனபின் இப்போது வெளியே தெரிகிறது. அங்குள்ள முக்கியமான பாறைக்கு நெஃபிலின் சயெனைட் என்று பெயர். 1901லேயே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹாலந்து என்பவர் அதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். பக்கத்துப் படியூரில் நீலப்பச்சைக் கல் தோண்டி எடுத்ததும் இப்படி ஆழத்தில் ஆறிய பாறைக் கீற்றுகளிலிருந்துதான்.

மெதுவாக ஆறியதற்கு என்ன அடையாளம்? படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். மலைக்குப் போய்ச் சுத்தியலால் தட்ட வேண்டாம், கோயில் மலை. தெருவில் வீடு கட்டக் கொட்டியிருக்கும் ஜல்லிக் குவியலே போதும். புதிதாக உடைந்த ஒரு கல்லை எடுத்து, தண்ணீரில் நனைத்து, காலை வெயிலில் மெல்லத் திருப்பிப் பார். ஒரு பக்கம் சாய்த்தால் சில புள்ளிகள் பளிச்சென்று மின்னி அணையும், இன்னொரு பக்கம் சாய்த்தால் வேறு புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு படிகத்தின் முகம். கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடினால் அது நைஸ். கரும்பச்சையாக எண்ணெய் தடவினாற்போல் இருந்தால் பெரும்பாலும் சார்னோகைட். கொங்குப் பகுதியில் வீட்டுக்கு வீடு அஸ்திவாரத்தில் கிடக்கும் இந்தக் கற்களில் பல 250 கோடி வருடத்துப் பழசு. லாவா சீக்கிரம் ஆறிவிடுவதால் அதிலிருந்து வரும் பசால்ட்டில் இப்படிப் பெரிய படிகங்களைப் பார்ப்பது அரிது.

ஆனைமலை எரிமலையா என்று பொள்ளாச்சியிலிருந்து ஒரு பாப்பா கேட்டிருக்கிறது. அதுவும் எரிமலை இல்லை. கூம்பாக இருக்கும் மலையெல்லாம் எரிமலை ஆகிவிடாது.

நேற்று பயங்கரச் சத்தம், ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. எத்தனை ரிக்டர்?

இவ்வளவுதான் கடிதம். எந்த ஊர், என்ன தேதி, எத்தனை மணி என்று ஒரு வார்த்தை இல்லை. "நேற்று" என்று எழுதினால் கடிதம் என் கைக்கு வரும்போது அது எந்த நேற்று? போன முறையும் சொன்னேன், அதற்கு முந்தின முறையும் சொன்னேன்: தேதி, நேரம், ஊர். இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு உருப்படியாக ஒரு பதிலும் சொல்ல முடியாது.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். கோவை, திருப்பூர் பக்கம் திடீர்ச் சத்தம் என்றால் முதலில் வானத்தை நினைக்க வேண்டும். சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. போர் விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்தால் இடி மாதிரி வெடிச்சத்தம் தரையில் விழும். ஜன்னல் கடகடக்கும், காலுக்குக் கீழே தரை சும்மா இருக்கும், இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடும். கல் குவாரி வெடி என்றால் அநேகமாகப் பகல் நேரம், சுற்றியுள்ள சில ஊர்களுக்கு மட்டும். நிலநடுக்கத்தில் தரை ஆடும், தொங்கும் விளக்கு ஊஞ்சலாடும், தண்ணீர்த் தொட்டி தளும்பும். ஆழம் குறைந்த சிறிய நிலநடுக்கமும் உறுமல் சத்தம் போடும் என்பதால் சத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. தேசிய நில அதிர்வு மையத்தின் இணையதளத்தில் அன்றைய பட்டியல் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் தேதியும் நேரமும் வேண்டும்.

கோயமுத்தூருக்குப் பூகம்பமே வராது, கெட்டிப் பாறை மேலே இருக்கிறோம் என்று எங்கள் அப்பாரு சொல்கிறார். சரியா? (ஆறாம் வகுப்பு, சிங்காநல்லூர்)

அப்பாருவிடம் மரியாதையாகவே சொல், 1900 பிப்ரவரி 8 அன்று விடியற்காலை 3 மணி வாக்கில் கோவைப் பகுதியில்தான் வந்தது என்று. அளவு 6ஐ ஒட்டி இருக்கும். தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. கட்டடத் தரநிலைக்கான வரைபடத்தில் கோவையும் சேலமும் நெடுநாளாக மூன்றாம் மண்டலமாக, அதாவது நிலநடுக்க அபாயம் மிதமாக உள்ள பகுதியாக, குறிக்கப்பட்டு வந்திருப்பது சும்மா இல்லை.

கெட்டிப் பாறை என்பது உண்மைதான். ஆனால் பழைய கெட்டிப் பாறையிலும் பிளவுகள் உண்டு. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வரைக்கும், மாயாறு பவானி ஓரமாகவும் நிலத்தடியில் பழைய வெட்டுப் பகுதிகள், அதாவது பாறைகள் ஒன்றை ஒன்று உரசி நகர்ந்த பட்டைகள், ஓடுகின்றன. மகாராஷ்டிரத்துக் கிள்ளாரியும் அமைதியான பழைய நிலம் என்று எண்ணியிருந்த இடம்தான். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, அளவு 6.2, சுமார் 10,000 பேர் இறந்தார்கள். கல்லை மண் வைத்து அடுக்கிய கனத்த சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்தன.

பயப்பட வேண்டாம், அடிக்கடி வரும் ஊரில்லை இது. பீரோவையும் புத்தக அலமாரியையும் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கிவிடுங்கள். கட்டில் தலைமாட்டுக்கு மேலே கனமான எதையும் மாட்டாதீர்கள். புதிதாக அடுக்குமாடி வாங்குகிறவர்கள் கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்தவென்று வெறும் தூண்களாக விட்டிருந்தால், அந்தத் தூண்களை நில அதிர்வுக்கு என்று கணக்கிட்டுப் போட்டார்களா என்று எழுத்தில் கேளுங்கள். 2001 ஜனவரி 26இல் குஜராத்தின் பூஜ் நடுங்கியபோது 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த அகமதாபாத்தில் அப்படிக் கீழே வெறுமையாக விட்ட கட்டடங்கள் பல விழுந்தன.

மகன் ஆறாவது படிக்கிறான். பள்ளிக் கண்காட்சிக்கு எரிமலை மாடல் ரெடிமேடாக வாங்கிவிட்டோம். வருகிறவர்களிடம் சொல்ல ஆங்கிலத்தில் பத்து வரி எழுதித் தர முடியுங்களா? (ஒரு தாய், திருப்பூர்)

தர மாட்டேன் அம்மா. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கண்காட்சிகளுக்கு நடுவராகக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். பெருந்துறையோ அவிநாசியோ, எங்கே போனாலும் அதே களிமண் கூம்பு, அதே சமையல் சோடா, வினிகர், சிவப்புச் சாயம். நுரை வழிகிறது, கைதட்டுகிறார்கள், பிள்ளை மூச்சு விடாமல் ஆங்கிலப் பத்தியை ஒப்பிக்கிறது. நடுவில் நிறுத்தி, "இது ஏன் பொங்குது கண்ணு?" என்று தமிழில் கேட்டால் முழிக்கிறது. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குகிறது. பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை. பொருளே விளங்காத வாசகங்களை அதன் வாயில் திணித்தது நாம்தான்.

அந்த மாடல் காட்டுவது எரிமலையே இல்லை. வினிகர் அமிலம், சமையல் சோடா காரம், இரண்டும் சேர்ந்தால் கரியமில வாயு வந்து நுரைக்கிறது. எரிமலைக்குள் அப்படி எதுவும் நடப்பதில்லை. உள்ளே நெருப்பு எரிவதும் இல்லை. ஆழத்தில் பாறை உருகுகிறது, 700 முதல் 1,200 டிகிரி வரை சூடு. அந்தக் குழம்பில் நீராவி, கரியமில வாயு, கந்தக வாயு எல்லாம் கரைந்து இருக்கின்றன. மேலே உள்ள பாறையின் பாரம் அழுத்திக்கொண்டிருக்கும்வரை அவை கரைந்தபடியே இருக்கும். குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, வாயு குமிழாகப் பிரிகிறது, குமிழ்கள் பெருத்துக் குழம்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகின்றன.

இதைக் காட்ட ஒரு சோடா பாட்டில் போதும். பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்கட்டும், கண்ணாடி வேண்டவே வேண்டாம். மூடியிருக்கும்போது உள்ளே பாருங்கள், தெளிந்த தண்ணீர் மாதிரி கிடக்கும். முகத்துக்கு எட்டப் பிடித்து, வாசலில் வைத்து, மூடியைக் கால் திருகு மட்டும் தளர்த்துங்கள். உஸ் என்ற சத்தத்தோடு, வெறுமையாக இருந்த தண்ணீர் முழுவதிலிருந்தும் குமிழ்கள் கிளம்பும். மறுபடி இறுக்கி மூடினால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். அழுத்தம் போனால் வாயு பிரியும் என்பதை அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டான்.

அடுத்தது, மாடலில் எப்போதும் கூம்பு, உச்சியில் ஓட்டை. 1980 மே 18இல் அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலை பக்கவாட்டில் வெடித்தது. 1783இல் ஐஸ்லாந்தின் லாக்கியில் 27 கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை பிளந்து லாவா வழிந்தது. நம் தக்காணத்திலும் அப்படித்தான்: 6.6 கோடி வருடங்களுக்கு முன் பிளவுகள் வழியாக அடுக்கடுக்காக வழிந்து பரவியது, இன்றைக்கும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது. அஜந்தா, எல்லோராக் குகைகளைக் குடைந்தது அந்த லாவாப் பாறையில்தான். களிமண் கூம்பு மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு எல்லோரா போனாலும் தான் எரிமலைப் பாறைக்குள் நிற்பது தெரியாது.

எல்லாம் ஒரே மாதிரி வெடிக்கும் என்பதும் தப்பு. சிலிகா (மணலில் இருக்கும் பொருள்) குறைந்த குழம்பு இளக்கமாக ஓடும், வாயு சுலபமாகத் தப்பிவிடும், ஹவாயில் நடப்பது அது. சிலிகா அதிகமானால் குழம்பு கெட்டிப்படும், வாயு மாட்டிக்கொண்டு முட்டும், கடைசியில் வெடிக்கும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ அப்படி வெடித்துச் சாம்பலை 30 கிலோமீட்டருக்கு மேல் தூக்கி எறிந்தது.

எனவே வாங்கிய மாடலை வைத்துக்கொள்ளட்டும், காசு கொடுத்தாகிவிட்டது. பக்கத்தில் ஒரு சோடா பாட்டிலும் வைக்கட்டும். ராத்திரி சாப்பிடும்போது முழுவதையும் உங்களிடம் தமிழில் சொல்லட்டும். எங்கே தடுமாறுகிறானோ அங்கே புரியவில்லை என்று அர்த்தம், திருப்பிச் செய்து பாருங்கள். தடுமாறாமல் சொன்னபின், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான்கு வரி அவனே எழுதட்டும். பிழை இருந்தால் ஆசிரியர் திருத்துவார். மொழி கற்றுக்கொள்ளும் வயசில் பிழை வருவது இயல்பு, சொல்வதற்குச் சொந்தமாக ஒன்று இருக்கும் பிள்ளைதான் அந்த மொழியைச் சீக்கிரம் பிடிக்கும்.

ரிக்டர் அளவு 1 முதல் 10 வரைதானே? (டியூஷன் ஆசிரியை, ஈரோடு)

மேல் வரம்பு என்று எதுவும் இல்லை. இதுவரை பதிவானதில் பெரியது 1960இல் சிலி நாட்டில், 9.5. சார்லஸ் ரிக்டர் 1935இல் தந்த அளவையை இப்போது பெரிய நிலநடுக்கங்களுக்குப் பயன்படுத்துவதில்லை, திருப்புத்திறன் அளவு (moment magnitude) என்ற வேறொன்று வந்துவிட்டது. பிள்ளைகளிடம் "அளவு 6" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு. கோவை 6, பூஜ் 7.7 என்று வைத்தால் வித்தியாசம் 350 மடங்கு. 6க்கும் 7க்கும் கொஞ்சம்தான் வித்தியாசம் என்று தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள்.

ஆயிரம் அடிக்கு போர் போட்டுத் தள்ளுகிறோமே, அதனால் பூகம்பம் வருமுங்களா? (விவசாயி, தாராபுரம்)

வராதுங்க. 1,000 அடி என்பது 300 மீட்டர். நிலநடுக்கம் கிளம்பும் இடம் பெரும்பாலும் பல கிலோமீட்டர் கீழே. ரஷ்யாவின் கோலாவில் 12 கிலோமீட்டர் துளைத்தார்கள், அதுவே மேலோட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டியது. உங்கள் போர்வெல்லால் வரும் கெடுதல் நிலத்தடி நீருக்குத்தான்.

காங்கேயம் காளைக்கு முன்கூட்டியே தெரியுமா? நாளைக்குப் பூகம்பம் என்று போனில் செய்தி வருகிறதே? (பல பேர்)

முதலில் வரும் அதிர்வலை வேகமானது, மெலிசானது. பின்னால் வருவதுதான் ஆட்டி எடுக்கும். முதல் அலையை மாடு உணர்ந்து மிரளலாம், ஆனால் அது சில நொடி முன்பு. தேதி சொல்லி முன்னறிவிக்க இன்றைக்கு உலகத்தில் எந்த வழியும் இல்லை. அப்படிச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.

வகுப்பில் இருக்கும்போது வந்தால் என்ன செய்வது? (நான்காம் வகுப்பு, கரூர்)

பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார், தலையை மூடிக்கொள், பெஞ்சின் காலைப் பிடித்துக்கொள். ஜன்னல் பக்கம் போகாதே. ஆட்டம் நிற்கும்வரை படிக்கட்டில் ஓடாதே. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். நின்றதும் டீச்சர் சொன்னபடி வரிசையாக மைதானத்துக்கு வா. அப்புறம், வீட்டில் பீரோவை இறுக்கியாகிவிட்டதா என்று அப்பாவைக் கேள்.

இந்தியாவில் எரிமலையே இல்லையா? (ஐந்தாம் வகுப்பு, நாமக்கல்)

இப்போதும் செயல்படுவது ஒன்று இருக்கிறது. அந்தமான் கடலில் பேரன் (Barren) தீவு, சுமார் 3 கிலோமீட்டர் அகலம். 1787இல் புகைந்ததை எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு அடங்கிக் கிடந்து 1991இல் மறுபடி வெடித்தது, அதன்பின் விட்டுவிட்டு லாவா கக்கிக்கொண்டிருக்கிறது. ஆள் குடியிருப்பு கிடையாது.